நல்ல மரமும் நேரான விலையும்

(திருவொற்றியூரில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உளி பிடித்த கைகள் நிறைந்த இவ்வவையில், ஏடு பிடித்தவன் மரம் வாங்குதலைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும். ஆயினும் அளவும் வாக்கும் எல்லார்க்கும் பொதுவாதலின் துணிந்து நிற்கிறேன்.

மரத்தின் தரம் அதன் காழில் உள்ளது. உள்ளே காழுடையவற்றை மரமென்றும், பனை தெங்கு போலப் புறத்தே காழுடையவற்றைப் புல்லென்றும் தொல்காப்பியர் மரபியலில் வகுத்தனர். அக்காழையே நாம் வைரம் என்கிறோம். அதனைச் சூழ்ந்த வெளுத்த பகுதி வெளிறு. கறையானும் வண்டும் முதலிற் புகுவது வெளிற்றிலேயாம். தேக்கின் வெளிறு பெயரளவில் மட்டுமே தேக்கு. ஆகையால், "இது தேக்குத்தானா?" என்று கேட்பது பாதிக் கேள்வி, "இதில் வைரம் எவ்வளவு?" என்பதே முழுக் கேள்வி.

இராயபுரத்துப் பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் பர்மாத் தேக்கை நீங்கள் இழைத்திருப்பீர்கள். அப்பெயர் இன்றும் மரவாடிகளில் தாராளமாக வழங்குகிறது. ஆனால் பர்மா அரசாங்கம் உருட்டுக் கட்டைகளின் ஏற்றுமதியை 2014-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியோடு நிறுத்திவிட்டது. அதன்பின் வருவன பெரும்பாலும் கானா, ஈக்வடார் முதலிய தேசங்களில் நட்டு வளர்த்த தேக்கு. நட்ட மரம் என்பதனாலேயே அது இழிவாகிவிடாது. நீலம்பூரில் கானலி துரையின் ஏவலால் சாத்து மேனன் 1840-களில் நட்டதும் தோட்டத் தேக்குத்தானே! இளமையில் வெட்டிய மரத்தில் வெளிறு மிகும் என்பதே குறை. தோட்டத் தேக்கைத் தோட்டத் தேக்கின் விலைக்கு வாங்குவதில் தவறில்லை. பர்மா விலைக்கு வாங்குவதே தவறு.

இனி அளவு. ஐந்துக்கு மூன்று அங்குல நிலைக்கு, ஏழடிக் கால் இரண்டும் நாலடிக் குறுக்கு இரண்டுமாக 22 அடி வேண்டும் என்று கொள்வோம். ஐந்தை மூன்றாலும், பின் 22-ஆலும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் 2.29 கன அடி. கன அடி 3,000 ரூபாயானால் விலை 6,875. வீட்டிற்கு வந்து நாடா வைத்துப் பார்க்கிறீர்கள்; மரம் நாலே முக்காலுக்கு இரண்டே முக்கால்! கையில் உள்ளது ஏறத்தாழ 2 கன அடியே. கால் அங்குலந்தானே என்பர். எட்டில் ஒரு பங்கு பறிபோயிற்று. மெய்யான விலை 3,445 ரூபாய் ஆயிற்று. 3,300 சொல்லி நிறைய அளப்பவனே மலிவாக விற்பவன்.

ஈரத்தையும் பார்க்கவேண்டும். நம் கடற்கரைக் காற்றில் மரம் நூற்றுக்குப் பதின்மூன்று பதினான்கு பங்கு ஈரத்தில் அமைதி கொள்ளும். அதற்கு மேற்பட்டதை இழைத்துப் பூட்டினால், சித்திரை வெயிலில் சுருங்கிப் பொருத்து வாய் திறக்கும். வீட்டுக்காரர் மரவாடியை வையமாட்டார்; ஆசாரியையே வைவார்.

இவ்விடத்தில் சிலருக்குக் கசப்பான ஒன்றைச் சொல்லியாகவேண்டும். வீட்டுக்காரரை அழைத்துச் செல்லும் ஆசாரிக்குக் கடைக்காரர் கமிஷன் கொடுக்கும் வழக்கம் ஒன்று உண்டு. அப்பணம் கடைக்காரரின் பெட்டியிலிருந்து வருவதன்று; விலையிலேறி வீட்டுக்காரரிடமிருந்தே வருகிறது. வாங்கிய கை பிறகு குறையளவை எவ்வாறு சுட்டிக் காட்டும்? ஈர மரத்தை எவ்வாறு தள்ளும்? "கூலி போதவில்லை, என் செய்வது?" என்று கேட்பவரை நான் இகழேன், அக்கேள்வி நியாயமானது. ஆனால் மரந் தெரிந்தெடுப்பதும் தொழில்தானே? அரை நாள் அலைந்து வைரம் பார்த்து எடுத்துத் தருவதற்கு இவ்வளவு கூலி என்று வெளிப்படையாகக் கேட்டுப் பெறுக. எட்டில் ஒரு பங்கை மீட்டுத் தருபவருக்கு அதிற் சிறு பகுதியைக் கொடுக்க எந்த வீட்டுக்காரரும் பின்வாங்கார்.

நாம் வாழும் ஊர் எத்தகையது? சுந்தரர் சங்கிலியாரைப் பிரியேன் என்று மகிழின்கீழ்ச் சூளுரைத்த ஊர். அச்சூள் தவறி இவ்வெல்லையைக் கடந்தவுடன் கண்ணிழந்தார் என்பது புராணம். தம்பிரான் தோழருக்கே வாக்குத் தவற விலக்கில்லை. மரத்தடியில் வாக்குக் கொடுப்பது நமக்கோ நாள்தோறும் நடக்கும் செயல்!

செய்யத்தக்கது ஒன்று கூறுகிறேன். தனியே ஒரு நிலைக்கு மரம் கேட்பவர் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்கவேண்டியிருக்கிறது. ஐவர் ஆறுவர் கூடினால் மூலக்கடைக்கோ வால்டாக்ஸ் சாலைக்கோ சென்று முழுக் கட்டையையே பேசலாம். கட்டையின் அளவு வேறு என்பதை மட்டும் நினைவில் வைக்க. சுற்றளவில் காற்பங்கை அதனாலேயே பெருக்கி நீளத்தாற் பெருக்குவர். நாலடிச் சுற்றும் பத்தடி நீளமும் உள்ள கட்டை கணக்கில் 10 கன அடி. உண்மையில் 12¾ கன அடிக்குச் சற்றுக் குறைவு. மிகுதி அறுவைத் தூளுக்கும் புறப்பலகைக்கும் போகும். எனவே கட்டை விலையையும் அறுத்த மர விலையையும் நேருக்கு நேர் ஒப்பிடலாகாது. அறுவைக் கூலியும் சேதமும் சேர்த்தே கணக்கிடுக. அறுத்தபின் நிழலில் சட்டம் வைத்து அடுக்கிக் காயவிட இடம் வேண்டும். சங்கக் கட்டடத்தின் பின்புறக் கொட்டகை வெறுமனே கிடக்கிறது. ஈரமானி ஒன்றைச் சங்கச் செலவில் வாங்கி உறுப்பினர்க்கு இரவல் தரலாம். அது பெரிய செலவன்று.

நிலை, கதவு, சன்னல் வேலை கையில் வைத்திருப்போர், வேண்டிய அளவுகளை எழுதி அடுத்த கூட்டத்திற்கு முன் காரியதரிசியிடம் கொடுக்கக் கோருகிறேன். சகோதரிகளே, வீடு கட்டுவோர் உங்களுள்ளும் இருப்பீர்கள், நீங்களும் கொடுங்கள். கட்டை அளக்கும் நாளில் நாடாவின் ஒரு முனையைப் பிடிக்க நானும் வருகிறேன்.