தோட்டத்துக் கப்சாய்: பழைய இரும்பா, குடும்பச் சொத்தா?

(தொலைக்காட்சி அரங்கில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நம் தாமான்களில் காலை நேரத்தில் ஒரு லாரி மெதுவாக ஊர்ந்து வரும். "சூராட் காபார் லாமா, பெசி புரோக்" என்று அதன் ஒலிபெருக்கி கூவும். பழைய நாளிதழ், பழைய இரும்பு எது இருந்தாலும் எடுத்துக் கொள்வார்கள். எடை போட்டுக் கையில் சில வெள்ளியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அப்படி ஏறிப் போன பொருள்களில் எத்தனையோ ஹோண்டா மோட்டார்களும் உண்டு. பால்மரம் வெட்டிய ஓர் அப்பாவின் மோட்டார், ஒரு தாத்தாவின் மோட்டார், அன்று காலை வரை வீட்டுப் பின்புறம் பிளாஸ்டிக் விரிப்புக்கு அடியில் கிடந்திருக்கும்.

அப்படிப்பட்ட ஒரு மோட்டாரைக் குறைந்த செலவில் மீண்டும் ஓட வைப்பது எப்படி என்பதே இன்றைய பேச்சு.

மம்பாவ் சாலையில்

நெகிரி செம்பிலானில், சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்குப் போகும் பழைய சாலையில் இருக்கிறது மம்பாவ். ரந்தாவ், சிலியாவ், லிங்கி என்று அந்த வட்டாரம் முழுவதும் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்கள். பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. சிரம்பான் நகரம் வளர வளர, செம்பனை நின்ற இடங்களிலும் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. லயங்களில் இருந்த குடும்பங்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபெயர்ந்தன. அம்மி வந்தது, சாமிப் படம் வந்தது. மோட்டாரும் கூடவே வந்தது. ஆனால் அடுக்குமாடி வீட்டில் அதை எங்கே நிறுத்தி வைப்பது? அங்கேதான் அதன் கதை பலருக்கு முடிந்து போனது.

தோட்டத்தில் அந்த மோட்டார் செய்த வேலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போனது. வாளியையும் ஒட்டுப்பால் மூட்டையையும் சுமந்தது. முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் இரண்டு என்று தமிழ்ப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டது. நள்ளிரவில் பிரசவ வலி என்றால் பெரிய சாலை வரை போய் வண்டி பிடித்து வந்ததும் அதுதான்.

நூடுல்ஸ் கடைப் பையனுக்காகப் பிறந்த வண்டி

1958-இல் ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் 'சூப்பர் கப்' மோட்டாரை வெளியிட்டது. இயந்திரத்தை உருவாக்கியவர் சொய்ச்சிரோ ஹோண்டா. வியாபாரத்தைக் கவனித்தவர் தாகேயோ புஜிசாவா. உணவுக் கடைப் பையன் ஒரு கையில் நூடுல்ஸ் தட்டை ஏந்திக் கொண்டு மறு கையால் ஓட்டும்படி வண்டி இருக்க வேண்டும் என்பது புஜிசாவாவின் எண்ணம். அதனால்தான் கப் மோட்டாருக்குக் கையில் பிடிக்கும் கிளட்ச் இல்லை. காலால் கியரை அழுத்தினால் போதும். முன்னால் இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பு சேற்றைக் காலில் படவிடாது. சங்கிலியை முழுவதும் மூடிய பெட்டி மண்ணை உள்ளே விடாது. உடல் நடுவில் தாழ்ந்திருப்பதால் கைலி கட்டியவரும் சேலை கட்டியவரும் எளிதாக ஏறி இறங்கலாம். தோட்டத்துச் செம்மண் பாதைக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி வேறு எது?

இந்த நாட்டுக்கு ஹோண்டாவைக் கொண்டு வந்தவர் பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ. சீனாவின் புஜியான் மாநிலத்திலிருந்து சிறுவனாக வந்தவர். மோட்டார் பட்டறையில் தொழில் கற்றவர். 1995-இல் மறைந்தார். 'கப்' என்ற பெயரோடு, சிறியது என்று பொருள்படும் சீனச் சொல் 'சாய்' சேர்ந்து 'கப்சாய்' ஆனது. இன்று எந்த நிறுவனத்தின் சிறிய மோட்டாரையும் நாம் அந்தப் பெயரால்தான் அழைக்கிறோம். 2017-இல் உலகெங்கும் தயாரான கப் மோட்டார்களின் எண்ணிக்கை 10 கோடியைத் தாண்டியது. வேறு எந்த மோட்டார் வாகனமும் இந்த அளவு தயாரிக்கப்பட்டதில்லை.

இந்த எண்ணிக்கையில்தான் நம் செலவுக் கணக்கின் இரகசியமும் இருக்கிறது.

எந்த மோட்டாரைத் தேர்ந்தெடுப்பது?

பழைய மோட்டார் மீது ஆசை கொண்ட இளைஞர்கள் முதலில் பார்ப்பது ஆங்கிலேய வண்டிகளை: பிஎஸ்ஏ, நார்ட்டன், டிரையம்ப். அழகான வண்டிகள்தான். ஆனால் பிஎஸ்ஏ பேண்டம் வண்டியின் தயாரிப்பு 1971-இல் நின்றுவிட்டது. ஒரு சிறிய சாமான் வேண்டுமென்றாலும் பெரும்பாலும் இங்கிலாந்துக்குத்தான் எழுத வேண்டும். விலை பவுனில், தபால் செலவு தனி.

தமிழ்நாட்டைப் பாருங்கள். ராயல் என்ஃபீல்டு புல்லட் 1955-இல் சென்னையில் தயாராகத் தொடங்கியது. இங்கிலாந்தில் இருந்த தாய் நிறுவனம் 1970-இல் மூடப்பட்டது. சென்னையில் புல்லட் தொடர்ந்து பிறந்து கொண்டே இருந்தது. ஆகவே அங்கே பழைய புல்லட்டுக்குச் சாமான் தேடுவது பெரிய பாடில்லை. பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் புதுப்பேட்டைக் கடைத்தெரு போன்ற இடங்களும் கைகொடுக்கின்றன.

நமக்குக் கப்சாய் அப்படி. அதன் வம்சம் இன்னும் சாலையில் ஓடுகிறது. பழைய சி70 மோட்டாரின் சக்கரம் 17 அங்குலம். இன்றைய கப்சாய்களுக்கும் அதே அளவு என்பதால் டயரும் டியூபும் சிறு நகரத்துக் கடையிலும் கிடைக்கும். ஸ்பார்க் பிளக்கும் அப்படியே. பிஸ்டன், ரிங், கேஸ்கெட், முன்மறைப்பு, இருக்கை உறை என்று பல சாமான்கள் தாய்லாந்திலும் தைவானிலும் வியட்நாமிலும் புதிதாகவே செய்யப்படுகின்றன. கையில் பணம் குறைவு என்றால், சாமான் கிடைக்கும் வண்டியில்தான் கை வைக்க வேண்டும்.

முதலில் காகிதம்

திருகாணியைத் தொடுமுன் 'கிரான்' எனப்படும் பதிவுப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அதில் உள்ள இயந்திர எண்ணும் சட்ட எண்ணும் வண்டியில் பொறித்த எண்களோடு ஒத்துப் போகின்றனவா? துருவைக் கம்பித் தூரிகையால் மெல்லத் தேய்த்துப் பாருங்கள். அரைச் சக்கரத்தால் தேய்த்து எண்ணையே அழித்துவிட்டவர்களும் உண்டு, அப்படிச் செய்துவிடாதீர்கள்.

எண் ஒத்துப் போகாத வண்டி, கிரான் இல்லாத வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் வாங்க வேண்டாம். அதில் போடும் ஒவ்வொரு வெள்ளியும் சாலைக்கு வராத வண்டிக்குப் போடும் பணம். பழைய இயந்திரத்தை எடுத்துவிட்டு வேறு புது இயந்திரத்தைப் பொருத்துவது சுலபம் என்று சிலர் சொல்வார்கள். சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி இல்லாமல் அப்படி மாற்றினால் சிக்கல்தான்.

தோட்டக் குடும்பங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. கிரானில் இருக்கும் பெயர் காலமான அப்பாவுடையதாக இருக்கும். பெயர் மாற்றாமலே ஆண்டுக்கணக்கில் விட்டிருப்பார்கள். இறப்புப் பத்திரம், வாரிசுகளின் சம்மதம், அமானா ராயா அல்லது நீதிமன்றம் தரும் உத்தரவு ஆகியவற்றைக் கொண்டு அதைச் சரி செய்யலாம். அண்ணன் தம்பிகள் உயிரோடும் ஒற்றுமையோடும் இருக்கும்போதே இதை முடிப்பது நல்லது. சாலை வரி நீண்ட காலம் கட்டப்படாமல் இருந்தால் வாகனப் பரிசோதனை தேவையா என்பதையும் இலாகா அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக் கொள்ளுங்கள்.

பிரிப்பதற்கு முன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

ஓடாத மோட்டாரைக் கண்டதும் இயந்திரத்தை முழுவதும் பிரித்துப் போடுவது பலர் செய்யும் தவறு. நெருப்புப் பொறி வருகிறதா? எண்ணெய் வருகிறதா? உதைத்தால் அழுத்தம் இருக்கிறதா? இந்த மூன்றும் இருந்தால் இயந்திரம் பெரும்பாலும் பிழைத்துக் கொள்ளும். பல ஆண்டுகள் கிடந்த வண்டிகளில் கார்ப்பரேட்டர் அடைப்பும், பாயிண்டில் படிந்த கறையும்தான் பெரும்பாலும் குற்றவாளிகள். பாயிண்டைத் தேய்த்துச் சுத்தம் செய்து, அதன் இடைவெளியை 0.3 முதல் 0.4 மில்லிமீட்டருக்குள் வைத்தால், கிட்டத்தட்ட செலவே இல்லாமல் வண்டி உயிர் பெறலாம்.

பிஸ்டன் இறுகிப் போயிருந்தால் ஓங்கி உதைக்காதீர்கள். பிளக் துளை வழியாகச் சிறிது டீசலையும் எண்ணெயையும் ஊற்றிச் சில நாள் விடுங்கள். பிறகு மெல்ல அசைத்துப் பாருங்கள். இரும்புக்கும் பொறுமைதான் மருந்து.

பிரித்தே ஆக வேண்டும் என்றால், முதலில் கைப்பேசியில் படம் எடுங்கள். ஒவ்வொரு பகுதியின் திருகாணிகளையும் தனித்தனி மைலோ டின்னில் போட்டுப் பெயர் எழுதி ஒட்டுங்கள். இன்னொன்று: ஜப்பானிய வண்டிகளின் குறுக்குத் தலைத் திருகாணிகள் ஜேஐஎஸ் என்னும் ஜப்பானிய அளவில் செய்யப்பட்டவை. சாதாரணத் திருப்புளி அதில் சரியாக உட்காராது. வழுக்கித் தலையைச் சிதைத்துவிடும். ஜேஐஎஸ் திருப்புளி ஒன்றும், சுத்தியலால் தட்டித் திருப்பும் கருவி ஒன்றும் வாங்கி வையுங்கள். அந்தச் செலவு வீண் போகாது.

சாமான் தேடும் முறை

கடைக்குப் போகும்போது பழைய சாமானைக் கையோடு எடுத்துப் போங்கள். "சி70க்கு வேண்டும்" என்று வாயால் கேட்டால் மட்டும் போதாது. ஒரே பெயரில் பல ஆண்டு மாதிரிகள் உண்டு. பழையவற்றில் மின்சாரம் 6 வோல்ட், பிற்காலத்தவற்றில் 12 வோல்ட். 6 வோல்ட் விளக்கை 12 வோல்ட் வண்டியில் போட்டால் உடனே எரிந்து போகும்.

பெரிய நகரத்துக் கடைகளைவிடச் சிறு பட்டணத்துப் பழைய பட்டறைகள்தான் புதையல். வயதான தவுக்கே ஒருவர் மேல்தட்டில் தூசி படிந்த பெட்டியில் விற்காத சாமான்களை வைத்திருப்பார். அவசரமாக நுழைந்து விலை பேசினால் "இல்லை" என்றுதான் பதில் வரும். "என் அப்பா வண்டி அங்கிள், தோட்டத்தில் ஓட்டியது" என்று சொல்லிச் சற்று நேரம் நின்று பேசிப் பாருங்கள். பெட்டி கீழே இறங்கி வரும்.

சிலிண்டர் தேய்ந்திருந்தால் புதிது வாங்கத் தேவையில்லை. சி70 பிஸ்டனின் அசல் குறுக்களவு 47 மில்லிமீட்டர். லேத் பட்டறையில் சிலிண்டரைச் சற்றே கடைந்து, 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டனைப் போடலாம். ஆனால் முதலில் பிஸ்டனை வாங்குங்கள். அதைப் பட்டறையில் கொடுத்து, அதன் அளவுக்குக் கடையச் சொல்லுங்கள். கடைந்த பிறகு பிஸ்டன் தேடி அலைந்தவர்கள் பலர்.

பளபளப்பு கடைசியில்

பணத்தை மூன்று உறைகளில் பிரித்து வைத்துக் கொள்ளுங்கள். முதல் உறை காகிதத்துக்கு. இரண்டாவது ஓட்டத்துக்கும் நிறுத்தத்துக்கும்: இயந்திரம், பிரேக், டயர், மின்கம்பி. மூன்றாவது தோற்றத்துக்கு. மூன்றாவது உறையை முதலில் திறப்பவர்களின் வண்டிகள்தான் பாதியில் நின்று போகின்றன. புதுச் சாயமும் குரோம் பூச்சும்தான் செலவில் பெரியவை. பூசிய பிறகு இயந்திரத்தில் கோளாறு கண்டால், பூச்சைக் கீறித்தான் பிரிக்க வேண்டி வரும்.

பிரேக்கில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பழைய பிரேக் கட்டையின் தூசியை வாயால் ஊதாதீர்கள். அந்தக் காலத்துக் கட்டைகளில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக் கூடும். ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். எண்ணெய்த் தொட்டியில் ஓட்டை இருந்தால், காலித் தொட்டிதானே என்று வெல்டிங் வைக்காதீர்கள். உள்ளே தங்கிய ஆவி போதும் வெடிப்பதற்கு.

சாயம் பூசத்தான் வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். முன்மறைப்பில் வாளி உரசிய தடம் இருக்கும். பின்புறத் தாங்கியில் மூட்டை கட்டிய கயிறு தேய்த்த பள்ளம் இருக்கும். துரு பரவாமல் துடைத்து எண்ணெய் தடவி, அவற்றை அப்படியே விட்டுவிடலாம். அந்தத் தடங்களைக் கடையில் வாங்க முடியாது.

தாத்தாவின் எண்

நெகிரி செம்பிலானில் பதிவான வாகனங்களின் எண் 'என்' என்ற எழுத்தில் தொடங்கும். நம் மூத்தவர்களில் பலருக்கு நிலம் இல்லை. குடியிருந்த லயம்கூடத் தோட்டத்துக்குச் சொந்தம். அவர்கள் பெயரில் அரசாங்கம் பதிந்து கொடுத்த சொத்து என்று அந்த ஒரு மோட்டாரும் அதன் எண்ணும்தான் இருந்திருக்கும். தீபாவளி போனசைச் சேர்த்து வைத்து, தவணை கட்டி வாங்கிய சொத்து அது.

இன்று அந்த லயங்கள் இல்லை. பால்மரங்கள் இல்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், "இங்கேதான் தாத்தா வேலை செய்தார்" என்று காட்டினால் அங்கே இணைவீடுகள்தான் நிற்கின்றன. அந்த மோட்டார் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைத் துடைத்து, காப்புறுதியும் சாலை வரியும் கட்டி, தலைக்கவசம் அணிந்து, பேரப்பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்து மம்பாவ் சாலையில் மெதுவாகப் போய் வாருங்கள். தாத்தா எப்படி வாழ்ந்தார் என்று அந்தப் பிள்ளை கேட்கத் தொடங்கும்.

அடுத்த முறை பழைய இரும்பு லாரி வாசலில் நிற்கும்போது, பின்புறம் இருக்கும் விரிப்பைத் தூக்கி ஒருமுறை பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.