பழைய விண்டோஸா, புதிய விண்டோஸா? நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எது சரி

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை. வர இயலாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில்.)



நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். பேரேட்டில் கையால் எழுதிய காலம், லெட்ஜர் போஸ்டிங் மெஷின் காலம், கோர் பேங்கிங் காலம் மூன்றையும் கவுண்டருக்கு உள்ளே இருந்து பார்த்தவன். அதனால் ஒரு பயனாளர் இன்னொரு பயனாளரிடம் பேசுவதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தலைப்பு ஏன் என்றால், மூன்று மாதமாக லிஃப்டில், நடைப்பயிற்சியில், தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும்போது எல்லாம் ஒரே கேள்விதான் வருகிறது. "சார், என் கம்ப்யூட்டர் நல்லாத்தான் ஓடுது. விண்டோஸ் 10 முடிஞ்சு போச்சுன்னு திரையில வருது. தூக்கிப் போடணுமா?" சுருக்கமான பதில்: பெரும்பாலும் வேண்டாம், ஆனால் அப்படியே விட்டுவிடவும் கூடாது. விரிவான பதிலுக்குத்தான் இந்த இருபது நிமிடம்.

முதலில் இயங்குதளம் என்றால் என்ன? வங்கிக் கிளையில் மேனேஜர் பணம் எண்ணுவதில்லை, பாஸ்புக் போடுவதில்லை. ஆனால் யார் எந்தக் கவுண்டரில் உட்கார வேண்டும், லாக்கர் சாவி யாரிடம், வெளியாள் எது வரை உள்ளே வரலாம் என்பதை எல்லாம் அவர்தான் முடிவு செய்கிறார். கம்ப்யூட்டரில் அந்த வேலையைச் செய்வது இயங்குதளம். டாலி, பிரவுசர், பிரிண்டர் எல்லாம் அதன் கீழே வேலை பார்ப்பவை.

நம்மில் பலர் பார்த்த மேனேஜர்களின் வரிசை இது. விண்டோஸ் எக்ஸ்.பி. 2001 அக்டோபரில் வந்தது. 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு அதற்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 7, 2009 அக்டோபரில் வந்து 2020 ஜனவரி 14 அன்று ஓய்வு பெற்றது. நடுவில் 2012இல் வந்த விண்டோஸ் 8, ஸ்டார்ட் பட்டனையே எடுத்துவிட்டு எல்லோரையும் தவிக்க விட்டது. 2015 ஜூலையில் விண்டோஸ் 10 வந்தது. 2025 அக்டோபர் 14 அன்று அதற்கும் பணி ஓய்வு. இப்போது பதவியில் இருப்பது 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11.

பழையதில் என்ன நன்றாக இருந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்.பி.க்கு 128 எம்.பி. ரேம் போதும் என்றார்கள். விண்டோஸ் 7க்கு 1 அல்லது 2 ஜி.பி. விண்டோஸ் 11க்குக் குறைந்தபட்சமே 4 ஜி.பி.; நடைமுறையில் 8 இருந்தால்தான் நிம்மதி. பழையதில் கணக்குத் தொடங்க இமெயில் முகவரி கேட்கவில்லை. பெட்டியைத் திறந்தோம், பெயர் கொடுத்தோம், வேலை பார்த்தோம். இன்று புது லேப்டாப் வாங்கினால் இணையமும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் இல்லாமல் உள்ளே விடவே யோசிக்கிறது. மதியத்தில் நாம் ஆடிய ஃப்ரீசெல், சாலிடேர்கூட அப்போது கூடவே வந்தன. இப்போது அவற்றிலும் நடுவே விளம்பரம்.

இன்னொரு விஷயம். லோட்டஸ், ஃபாக்ஸ்ப்ரோ காலத்து டாஸ் கணக்கு புரோகிராம்களை இன்னும் வைத்திருப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவை 32 பிட் விண்டோஸில் ஒருவாறு ஓடின. விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது. அவை நேரடியாக ஓடாது. அந்தக் கணக்கு விவரங்களை இப்போதே எக்செல் போன்ற ஒன்றுக்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

புதியதில் என்ன நல்லது? முதலாவது பாதுகாப்பு. எக்ஸ்.பி.யில் ஆன்டிவைரஸ் கிடையாது. ஃபயர்வால் தானாகவே இயங்க ஆரம்பித்தது 2004இல் வந்த சர்வீஸ் பேக் 2க்குப் பிறகுதான். விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் உள்ளேயே வருகிறது. வீட்டு உபயோகத்துக்கு அது போதும். வருடா வருடம் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. இரண்டாவது தமிழ். எக்ஸ்.பி.யில் தமிழ் சரியாகத் தெரியவே கன்ட்ரோல் பேனலில் ஒரு கட்டத்தில் டிக் போட்டு, சி.டி.யையும் தேட வேண்டும். விண்டோஸ் 10இல் 2019 முதல், ஆங்கில எழுத்தில் 'அம்மா' என்று ஒலிப்படி தட்டினால் தமிழில் வரும் விசைப்பலகை கூடவே இருக்கிறது. இந்தச் செய்தி மடலுக்குக் கட்டுரை கேட்டால் "தமிழ் டைப்பிங் வராது" என்று இனி யாரும் தப்பிக்க முடியாது.

சரி, ஆதரவு முடிந்தது என்றால் என்ன அர்த்தம்? அக்டோபர் 15 காலையில் கம்ப்யூட்டர் நின்றுவிடவில்லை, பாருங்கள். ஃபேன் சுற்றுகிறது, படம் தெரிகிறது, பிரிண்ட் வருகிறது. நின்றது ஒன்றுதான்: ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க ஆள் வரமாட்டார். இதில் பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. புதிய விண்டோஸில் ஓர் ஓட்டையை அடைத்து அப்டேட் வெளியிடும்போது, அந்த அப்டேட்டைப் பிரித்துப் பார்க்கும் திருடனுக்கு அதே ஓட்டை பழைய விண்டோஸில் எங்கே இருக்கும் என்று தெரிந்துவிடுகிறது. ஒரே பில்டர் கட்டிய இரண்டு பிளாக்கில், ஏ பிளாக் பின்கதவுப் பூட்டை மட்டும் மாற்றினால், பி பிளாக் பூட்டும் அதே மாதிரிதான் என்று திருடன் புரிந்துகொள்வான் இல்லையா, அதுபோல.

இது கற்பனைப் பயம் அல்ல. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுவதும் பரவியது. கோப்புகளைப் பூட்டி வைத்துப் பணம் கேட்டது. இங்கிலாந்து அரசு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகளையே தள்ளிவைக்க நேர்ந்தது. அது பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் அப்டேட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வந்திருந்தது. அதைப் போடாதவர்கள்தான் மாட்டினார்கள். நிலைமை எவ்வளவு மோசம் என்றால், மூன்று வருடம் முன்பு கைவிட்ட எக்ஸ்.பி.க்கே மைக்ரோசாஃப்ட் ஓர் அவசர அப்டேட் கொடுத்தது.

நம் ஊரிலும் ஓர் உதாரணம் உண்டு. எக்ஸ்.பி.யில் ஓடிக்கொண்டிருந்த ஏ.டி.எம்.களைப் பற்றி ரிசர்வ் வங்கி 2018 ஜூனில் வங்கிகளுக்குக் கண்டிப்பான சுற்றறிக்கை அனுப்பியது. ஆதரவு முடிந்த இயங்குதளங்களைப் படிப்படியாக மாற்றி 2019 ஜூனுக்குள் முடிக்க வேண்டும் என்று கெடு வைத்தது. அந்த ஏ.டி.எம்.களும் "நல்லாத்தான் ஓடிக்கொண்டிருந்தன".

இப்போது நம் வீட்டு நிலவரம். முதலில் உங்களிடம் இருப்பது எது என்று தெரிந்துகொள்ளுங்கள். கீபோர்டில் விண்டோஸ் சின்னம் உள்ள பட்டனோடு 'ஆர்' எழுத்தை அழுத்தி, வரும் சிறு கட்டத்தில் 'டபிள்யூ, ஐ, என், வி, இ, ஆர்' என்று சேர்த்துத் தட்டி என்டர் கொடுங்கள். பெயரும் பதிப்பும் வந்துவிடும்.

விண்டோஸ் 10 என்று வந்தால், விண்டோஸ் 11க்கு அந்த இயந்திரம் தகுதியா என்று பார்க்க வேண்டும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பகுதியிலேயே சொல்லிவிடும். பொதுவாக, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசஸர், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு சிப், 64 ஜி.பி. இடம் ஆகியவை வேண்டும். 2018க்குப் பிறகு வாங்கியவற்றில் பெரும்பாலானவை தேறும். தகுதி இருந்தால் மேம்படுத்துவது இலவசம். ஒரு மாலை நேரம் ஒதுக்கினால் போதும்.

தகுதி இல்லை என்றால் மூன்று வழிகள்.

ஒன்று, அவகாசம் வாங்குவது. விண்டோஸ் 10க்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்கள் மட்டும் தரும் நீட்டிப்புத் திட்டம் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து, செட்டிங்ஸை அதில் சேமிக்கச் சம்மதித்தால் கட்டணம் இல்லை. இல்லாவிட்டால் 30 டாலர். இது ஒரு வருட எக்ஸ்டென்ஷன் மட்டுமே. எக்ஸ்டென்ஷன் கிடைத்தவருக்கும் ஓய்வு உண்டு என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான்.

இரண்டு, லினக்ஸ். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கியது. உங்கள் ஆண்ட்ராய்டு போனின் அடித்தளமும் அதுதான், எனவே அந்நியம் என்று நினைக்க வேண்டாம். லினக்ஸ் மின்ட் என்ற பதிப்பு பார்ப்பதற்கு ஏறக்குறைய விண்டோஸ் 7 மாதிரியே இருக்கும். இலவசம். 4 ஜி.பி. ரேமில் நன்றாக ஓடும். பென் டிரைவில் போட்டு, உள்ளே எதையும் அழிக்காமல் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். மெயில், யூடியூப், செய்தித்தாள், கடிதம், கணக்குத் தாள் இவ்வளவுதான் தேவை என்றால் இது போதும். ஆனால் டாலி அதில் நேரடியாக ஓடாது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் பயன்படுத்துவோருக்குச் சிக்கல் வரலாம். சில பிரிண்டர்கள் முரண்டு பிடிக்கும். இவை தேவைப்படுவோர் இந்த வழியில் போக வேண்டாம்.

மூன்று, புது இயந்திரம். வாங்கும்போது 8 ஜி.பி. ரேம், எஸ்.எஸ்.டி. இரண்டும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். "பழைய கம்ப்யூட்டர் ஸ்லோ" என்று நாம் திட்டுவதில் பாதி, இயங்குதளத்தின் குற்றம் அல்ல. சுழலும் ஹார்ட் டிஸ்கின் குற்றம். விண்டோஸ் 11க்குத் தகுதி உள்ள இயந்திரத்திலேயே சில ஆயிரம் ரூபாயில் எஸ்.எஸ்.டி. மாற்றினால் புதிது போல ஓடும்.

விண்டோஸ் 7, எக்ஸ்.பி. வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குரோம் பிரவுசர் 2023 முதல் விண்டோஸ் 7க்குப் புதுப் பதிப்பு தருவதில்லை. அதில் நெட் பேங்கிங், பென்ஷன், வருமான வரி எதையும் செய்யாதீர்கள். இணையத்தைக் கழற்றிவிட்டுப் பாட்டுக் கேட்க, பழைய புகைப்படம் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

புதிய விண்டோஸில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் மூன்று. ஸ்டார்ட் பட்டன் நடுவில் இருக்கும். டாஸ்க்பார் செட்டிங்ஸில் இடப்பக்கம் மாற்றலாம். வலது கிளிக் செய்தால் பாதி வசதிகள் காணாது. 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்பதில் ஒளிந்திருக்கும். மூன்றாவதுதான் முக்கியம்: ஒன்டிரைவ். சரி, சரி என்று அழுத்திக்கொண்டே போனால் உங்கள் டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் இணையச் சேமிப்புக்குப் போய்விடும். இலவச இடம் 5 ஜி.பி.தான். பேரன் பேத்தி வீடியோ நாலு போட்டால் நிரம்பிவிடும். பிறகு பணம் கட்டு என்று நச்சரிக்கும். வேண்டாம் என்றால் ஒன்டிரைவ் செட்டிங்ஸில் பேக்கப்பை நிறுத்தலாம். ஆனால் அங்கே உள்ள கோப்பை அழிக்கும் முன் அது உங்கள் டிஸ்கில் இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

எந்த வழியில் போனாலும் முதல் வேலை பேக்கப். வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் எல்லாவற்றையும் நகல் எடுத்து, நாலு கோப்பைத் திறந்து பார்த்த பிறகுதான் அடுத்தது. எண்ணிப் பார்க்காமல் கேஷைக் கட்டக் கூடாது.

அடுத்து ஓர் எச்சரிக்கை. "மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம், உங்கள் விண்டோஸ் காலாவதி" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். திரையில் சைரன் சத்தத்தோடு போன் நம்பர் வந்தாலும் அழைக்காதீர்கள். அவர்கள் சொல்லும் செயலியைப் போட்டால் உங்கள் கம்ப்யூட்டர் அவர்கள் கையில். மூன்றாம் நபர் மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்று ரிசர்வ் வங்கி 2017இல் சொல்லியிருக்கிறது. ஆனால் நாமே பாஸ்வேர்டையோ ஓ.டி.பி.யையோ கொடுத்திருந்தால், தெரிவிக்கும் வரை ஆன நஷ்டம் நம்முடையது. எதுவானாலும் உடனே வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் சொல்லுங்கள். வெட்கப்பட்டுத் தள்ளிப்போடாதீர்கள்.

கடைசியாக, நம் சங்க அலுவலகக் கம்ப்யூட்டர். அதில் இன்றும் ஓடுவது விண்டோஸ் 7. அதில்தான் பராமரிப்புக் கணக்கு, எல்லோருடைய போன் நம்பர், வண்டி நம்பர், வாடகைக்கு வந்தவர்களின் ஆதார் நகல் எல்லாம் இருக்கிறது. கார்ப்பஸ் நிதிக் கணக்கின் நெட் பேங்கிங்கும் அதிலேயே நடக்கிறது. "ஓடுவதை ஏன் மாற்ற வேண்டும், அந்தப் பணத்தில் மோட்டார் ரிப்பேர் செய்யலாமே" என்று சென்ற கூட்டத்தில் சிலர் கேட்டார்கள். செலவைப் பார்ப்பவர்கள் இருப்பதால்தான் சங்கம் கடனில்லாமல் இருக்கிறது. அவர்கள் கேட்டதில் தவறில்லை. ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டரில் நஷ்டம் வந்தால் அது என் பணம். அலுவலகக் கம்ப்யூட்டரில் வந்தால் அது அடுத்தவர் நம்மிடம் நம்பிக் கொடுத்தது. வாசலுக்குப் பணம் கொடுத்து வாட்ச்மேன் வைத்துவிட்டு, கணக்கு அறையைத் திறந்து போட முடியாது.

எனவே என் கோரிக்கை மூன்று. இன்று முதல் அந்த இயந்திரத்தில் நெட் பேங்கிங் வேண்டாம். இந்த வாரமே முழு பேக்கப் எடுத்து இரண்டு நிர்வாகிகளிடம் ஒவ்வொரு நகல் இருக்கட்டும். டாலி இருப்பதால் லினக்ஸ் சரிவராது. அடுத்த கூட்டத்தில் புது இயந்திரத்துக்கு மூன்று கொட்டேஷன் வைத்து முடிவெடுப்போம்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் பதிப்பு பார்க்கத் தெரியாதவர்கள் சனிக்கிழமை மாலை சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். லேப்டாப்பையும் சார்ஜரையும் கொண்டு வந்தால் போதும். பாஸ்வேர்டை நீங்களே தட்ட வேண்டும். என்னிடம்கூடச் சொல்லக் கூடாது.