சிந்தாமணியில் மாந்தரும் இயக்கரும்

சித்தன்னவாசல் ஓவியங்களைக் கண்டு பழகிய புதுக்கோட்டையார்க்குச் சமணக் காப்பியமாகிய சீவக சிந்தாமணி அயல்நூல் அன்று. மணநூல் எனப்பெறும் அதில் மாந்தரோடு இயக்கரும் விஞ்சையரும் உறவாடுகின்றனர். தீமை எவரிடமிருந்து பிறக்கிறது?

சச்சந்தனைக் கொன்று அரசைக் கவர்ந்த கட்டியங்காரன் மனிதன். அவனிடம் ஆட்சியை ஒப்படைத்து அந்தப்புரத்தில் மயங்கிய மன்னனும் மனிதனே. அவன் பிழையை நாம் எளிதில் மன்னித்துவிடுகிறோம்! மயிற்பொறியில் தப்பிய விசயை சுடுகாட்டில் தனியே மகவீன்றாள். அப்போது துணைவந்தது, தோழி செண்பகமாலையின் உருவில் அவ்விடத்துத் தெய்வம். ஊர் அஞ்சி விலகும் இடத்தில்தான் அவளுக்கு ஆறுதல் கிடைத்தது. பெண்ணாகப் பயிலும்போது இக்காட்சியை என்னால் விரைந்து கடக்க இயலவில்லை.

சுதஞ்சணனோ, அந்தணர் அடித்து வீழ்த்திய நாய். சீவகன் ஓதிய மந்திரத்தால் இயக்கனானான். கொலைக்களத்தினின்று சீவகனை மீட்டவன் அவனே.

எனினும் வானவரெல்லாம் நல்லவர் என்பதற்கில்லை. மணிமேகலையில் விஞ்சையன் காஞ்சனன், மணிமேகலை பூண்ட உருவைத் தன் மனைவி காயசண்டிகை என மயங்கி, உதயகுமரனை வாளால் வெட்டினான். உதயகுமரனின் முன்வினையே அச்சாவுக்குக் காரணம் எனக் கந்திற்பாவை கூறிற்று. ஆயினும் வெட்டிய பழி காஞ்சனனையும் தொடரும் என்றது.