கட்டுமானப் பணியில் வருமுன் காத்தல்



2023ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், தீபாவளித் திருநாள். அன்று வைகறையில், உத்தராகண்ட் மாநிலத்து உத்தரகாசி மாவட்டத்தில், சில்க்யாரா என்னும் இடத்தில் தோண்டப்பட்டுவந்த மலைச் சுரங்கப் பாதையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. உள்ளே வேலை செய்துகொண்டிருந்த 41 தொழிலாளர்கள் அகப்பட்டுக்கொண்டார்கள். அவர்களுள் பெரும்பாலோர் ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம், பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து பிழைப்பை நாடி வந்தவர்கள். ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு, அவர்கள் வீட்டார் அன்று பட்ட பாட்டை விளக்க வேண்டியதில்லை.

அவர்களுக்கும் வெளியுலகிற்கும் இடையே ஏறக்குறைய 60 மீட்டர் அளவிற்கு மண்ணும் பாறையும் அடைத்துக் கிடந்தன. ஆயினும் சுரங்கத்தில் ஊறும் நீரை இறைப்பதற்காகப் போட்டிருந்த நான்கு அங்குலக் குழாய் ஒன்று சிதையாமல் தப்பியது. முதல் சில நாட்களில் காற்றும் சிறிதளவு உலர்ந்த உணவும் அதன் வழியாகவே சென்றன. மீட்பு வேலையின் நடுவில் பெரிய துளைப்பொறி முறிந்தது. எஞ்சிய பத்துப் பன்னிரண்டு மீட்டர் தூரத்தைத் தொழிலாளர்கள் குழாய்க்குள் தவழ்ந்து சென்று கையால் தோண்டினார்கள். பதினேழாம் நாளாகிய நவம்பர் 28ஆம் நாள் இரவு, 41 பேரும் உயிருடன் வெளிவந்தனர்.

நாடு முழுவதும் மகிழ்ந்தது, மகிழ்வதற்குரிய செய்திதான். ஆனால் நாம் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். நீர் இறைக்கப் போட்ட குழாய் உயிர் காத்தது தற்செயல். 2018ஆம் ஆண்டில் மத்திய அமைச்சரவை இத்திட்டத்தை அங்கீகரித்தபோது, தப்பிச் செல்லும் வழியுடன் கூடிய சுரங்கம் என்றே அறிவிக்கப்பட்டது. இடிந்த நாளிலோ, உள்ளிருந்தவர்கள் வெளியேறத்தக்க வழி ஒன்றும் இருக்கவில்லை. ஆகவே, ஆபத்தை முன்கூட்டி அறிவது மட்டும் போதாது. அதற்குரிய காப்பு, ஆபத்து வருவதற்கு முன்பே களத்தில் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

எந்தக் கட்டுமான வேலைக்கும் தொடக்கத்திலேயே மூன்று வினாக்களை எழுப்புதல் நலம். என்ன நேரக்கூடும்? அது நேர எவ்வளவு இடமுண்டு? நேர்ந்தால் விளையும் கேடு எத்தகையது? அடிக்கடி நேரும் சிறு தொல்லைகளை யாவரும் கவனிப்பர். அரிதாக நேர்ந்தாலும் உயிரைப் பறிக்கவல்லதே பட்டியலில் முதலில் நிற்க வேண்டியது.

பட்டியல் எழுதியபின் செய்யத்தக்கவை நான்கு. இயன்றால் ஆபத்தை விலக்கலாம். பாதையையே மாற்றிக்கொள்வது அவ்வகை. விலக்க இயலாவிடில் குறைக்கலாம். பொருள் இழப்பை இன்ஷூரன்ஸ் மூலமும் ஒப்பந்தத்தின் மூலமும் பிறருடன் பகிரலாம். எஞ்சியதை ஏற்றுக்கொண்டு, அதற்கெனப் பணமும் காலமும் ஒதுக்கி வைக்கலாம். ஆனால் இன்ஷூரன்ஸ் பணத்தைத்தான் ஈடுசெய்யும்; போன உயிரை ஈடுசெய்யாது. உயிருக்கு வரும் ஆபத்தை விலக்கவும் குறைக்கவும்தான் முயல வேண்டும்.

இமாசலப் பிரதேசத்தில் ரோதாங் கணவாயின் கீழ் அமைந்து, 2020ஆம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்ட 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கத்தை எண்ணிப் பாருங்கள். அதில் சேரி நாலா என்னும் நீரோடையை ஒட்டிய 587 மீட்டர் பகுதியில், நொறுங்கிய பாறையும் ஓயாத நீர்ப்பெருக்கும் வேலையைப் பல ஆண்டுகள் தாமதப்படுத்தின. மலையின் உள்நிலையை மேலிருந்து முழுவதும் அறிந்துவிட இயலாது. ஆகையால் முன்னே துளையிட்டுச் சோதிப்பதும், சுவர் அசைகிறதா என நாள்தோறும் அளப்பதும், அளவு மிஞ்சினால் ஆட்களை வெளியேற்றுவதும் இன்றியமையாதவை. அச்சுரங்கத்தில் வண்டிப் பாதைக்கு அடியிலேயே தப்பிச் செல்லும் வழி ஒன்றையும் அமைத்திருக்கிறார்கள்.

இவையெல்லாம் பெரிய எஞ்சினீயர்களின் கவலை என்று இருந்துவிடலாகாது. நம்மில் ஒருவர் வந்த ஊரிலேயே சிறு மனை வாங்கி வீடு கட்டலாம். மற்றொருவர் மேஸ்திரியாகவோ மேற்பார்வையாளராகவோ இருக்கலாம். கடைக்காலுக்காக ஒன்றரை மீட்டருக்கு மேல் பள்ளம் தோண்டினால், பக்கங்களைச் சரிவாக வெட்டவோ பலகை கொடுத்துத் தாங்கவோ வேண்டும். தோண்டிய மண்ணைப் பள்ளத்தின் விளிம்பிலேயே குவிக்கக் கூடாது. அண்டை வீட்டுச் சுவரின் நிலையை முதலிலேயே பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். சாரத்தில் ஆள் ஏறுமுன் கட்டுகளைச் சோதிக்க வேண்டும். மழை பெய்த மறுநாள் மீண்டும் சோதிக்க வேண்டும்.

இவ்வேலைகள் ஒவ்வொன்றிற்கும் எதிரே ஒருவர் பெயரையும் ஒரு நாளையும் எழுதி வையுங்கள். எல்லோருடைய பொறுப்பும் என்று விடப்பட்டது ஒருவருடைய பொறுப்பும் ஆவதில்லை. பள்ளத்தின் பக்கம் விரிசல் விடுவதைக் கண்ட சித்தாள், "வேலையை நிறுத்துங்கள்" என்று சொன்னால், அச்சொல்லுக்கு மேஸ்திரியின் சொல்லுக்குள்ள மதிப்பு இருக்க வேண்டும். அதற்காக அவர் கூலியை இழக்கக் கூடாது.

சில்க்யாராவில் ஒரு குழாய் தற்செயலாகத் தப்பியது. அடுத்த வேலையில் அவ்வாறு அமையும் என்று எவரும் நம்பியிருத்தல் முறையன்று. காலையில் வேலைக்குச் சென்றவர் மாலையில் வீடு திரும்புவதற்கான ஏற்பாடும் கட்டடத்தின் வரைபடத்தில் இடம்பெற வேண்டும்.