சிசுக்களின் சளியும் சுவாசமும்



ஐப்பசி மழை விழுந்து மார்கழிப் பனி தொடங்குங் காலத்தில் கைக்குழந்தைகளுக்குச் சளி பிடிப்பது இக்கரிசற் சீமையில் வழக்கம். அருப்புக்கோட்டைத் தறிவீடுகளிலும் திருச்சுழிப் பக்கத்துக் காடுகளிலும் வேலைக்கு நடுவே தாய்மார் அதனைப் பெரிதாகக் கருதுவதில்லை. பெரும்பாலும் அவர்கள் எண்ணம் சரியே. வைரஸ் என்னும் நுண்கிருமிகளால் வரும் இச்சளி ஒரு வாரத்தில், சிலவேளை சற்றுத் தாமதித்து, தானே நீங்கும். அவற்றுள் 1956-இல் கண்டறியப்பட்ட ஆர்.எஸ்.வி. என்பது இரண்டு வயதுக்குள் அநேகமாக எல்லாக் குழந்தைகளையும் ஒரு முறையேனும் பற்றுகிறது. ஆறு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கே அபாயம் அதிகம். அதன் மூச்சுக்குழல்கள் மிகச் சிறியவையாதலால் சிறிது வீங்கினும் அடைபடும்.

அபாயத்தை அறியக் கடிகாரம் ஒன்று போதும். குழந்தை அழாதிருக்கையில் சட்டையை நீக்கி, வயிறு எழுந்து தாழ்வதை ஒரு நிமிஷம் முழுவதும் எண்ணுக. இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40 என்ற எண்ணிக்கையை எட்டினால் அது வெறுஞ் சளியன்று; அன்றே வைத்தியரிடம் காட்டவேண்டும். விலாவின் கீழ்ப்புறம் உட்குழிந்தாலோ, பால் குடியாவிட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ பஸ்ஸுக்குக் காத்திராமல் 108-ஐ அழைக்க.

சீமைக்கருவேல் விறகெரியும் அடுப்பருகே தொட்டில் கட்டுதல் கூடாது. குளிப்பாட்டியபின் சாம்பிராணிப் புகை காட்டுவதும், மூக்கில் எண்ணெய் விடுவதும் தீங்கே. பாட்டிமார் இதற்கு எளிதில் இணங்கார். எனினும் மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிச் சுரம் உண்டாக்குவதை வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள்.

கடையில் கேட்டு வாங்கும் இருமல் மருந்தோ இன்னும் கொடியது. 2025-இல் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாடாப் பகுதியில் 20-க்கு மேற்பட்ட சிறுவர்கள் இத்தகைய மருந்தினால் சிறுநீரகம் கெட்டு மாண்டனர். அதில் டைஎதிலின் கிளைக்கால் என்னும் விஷம் கலந்திருந்தது. அம்மருந்து தயாரானது நம் தமிழ்நாட்டில். சாதாரணச் சளிக்குச் சென்றவர்கள் அவர்கள்! ஆன்டிபயாடிக் மாத்திரையும் வைரஸைக் கொல்லாது. வைத்தியர் எழுதினாலன்றி அதனைத் தரலாகாது.

தாய்ப்பாலைச் சிறிது சிறிதாக அடிக்கடி கொடுத்து, மூக்கை மெல்லிய துணியால் துடைத்தால் போதும். ஒரு வயது கடந்த குழந்தைக்கு இருமலுக்குத் தேன் தரலாம். அதற்கு முன் தேனே ஆகாது. இருமும் பெரியவர்கள், உறவினரேயாயினும், சிசுவை முத்தமிடாதிருக்க.

சளியைத் தொடர்ந்து பாக்டீரியாவால் வரும் நுரையீரல் சுரமும் உண்டு. அதைத் தடுக்கும் நிமோகாக்கல் ஊசி 2021 முதல் தமிழ்நாட்டில் 6-ஆம் வாரத்திலும், 14-ஆம் வாரத்திலும், 9-ஆம் மாதத்திலும் இலவசமாகப் போடப்படுகிறது. கூலி வேலையால் நாள் தவறிய குழந்தைகளையும் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்று கேட்கலாம்.