தண்ணீரில் தானாகத் திரளும் நுண்ணுருண்டைகள்

(பண்ணை ஒலிபரப்பில் நிகழ்த்திய உரை)



வேப்பெண்ணெய் அடிக்காத விவசாயி நம்மில் குறைவு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி எண்ணெய் ஊற்றி, சோப்புக் கரைசலும் சேர்த்துக் கலக்கினால் பால் மாதிரி ஆகிவிடும். சோப்பை மறந்துவிட்டால் எண்ணெய் மேலே மிதக்கும். முதல் வரிசைக்கு வெறும் தண்ணீர் போகும், கடைசி வரிசைக்கு வெறும் எண்ணெய் போகும். இலை கருகின பிறகுதான் நமக்குப் புத்தி வரும்!

சோப்பு அப்படி என்ன செய்கிறது? சோப்பின் ஒவ்வொரு துகளுக்கும் தலை ஒன்று, வால் ஒன்று. தலைக்குத் தண்ணீர் பிடிக்கும். வாலுக்கு எண்ணெய்தான் பிடிக்கும். ஆகவே வால்கள் எண்ணெய்த் துளிக்குள் புகுந்துகொள்ள, தலைகள் வெளியே தண்ணீரைப் பார்த்து நிற்கின்றன. யாரும் அடுக்கி வைப்பதில்லை, தானாகவே அமைகிறது. ஆனால் துளிகள் பெரியவை. கொஞ்ச நேரம் சும்மா விட்டால் பிரிந்துவிடும். அதனால்தான் டேங்கை அடிக்கடி குலுக்கச் சொல்கிறோம்.

இன்னொரு தொல்லையும் உண்டு. வேம்பின் முக்கியச் சத்தான அசாடிராக்டின் வெயிலில் சீக்கிரம் கெட்டுப்போகும். சாயங்காலம் அடிக்கச் சொல்வது அதற்காகத்தான்.

இந்த இரண்டு தொல்லைக்கும் ஆய்வாளர்கள் தேடும் வழிதான் நுண்ணுருண்டை. சோப்பைப் போலவே தலையும் வாலும் உள்ள நீளமான சங்கிலிகளை எடுத்துக்கொள்கிறார்கள். இவற்றுக்குப் பாலிமர் என்று பெயர். வாலாக வருவது பெரும்பாலும் பாலிலாக்டிக் அமிலம். தயிரைப் புளிக்க வைக்கிறதே லாக்டிக் அமிலம், அதையே கண்ணி கண்ணியாகக் கோத்த சங்கிலி இது.

செய்யும் முறை எளிது. சங்கிலியையும் மருந்தையும் அசிட்டோனில் கரைத்து, கலக்கிக்கொண்டிருக்கும் தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். அசிட்டோன் தண்ணீரோடு கலந்ததும் வால்களுக்கு இருக்க இடமில்லை. அவை மருந்தையும் இழுத்துக்கொண்டு உள்ளே சுருள, தலைகள் வெளியே நிற்கும். பினாயிலைத் தண்ணீரில் ஊற்றினதும் வெளுக்கிறதே, கிட்டத்தட்ட அதே சங்கதி. பிறகு அசிட்டோனை ஆவியாக்கிவிடுவார்கள். இந்த முறையைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1989-ல் வெளியிட்டார்கள். உருண்டை ஒன்றின் அளவு சுமார் 100 முதல் 200 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கு போட்டால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். இவ்வளவு சிறியதாக இருப்பதால் சட்டென்று அடியில் படியாது.

அசிட்டோனே வேண்டாம் என்று இன்னொரு முறையும் உண்டு. தலையைத் தண்ணீரில் கரைத்துவிட்டு, அதன் நுனியில் வாலை அங்கேயே வளர்ப்பது. வால் நீள நீளத் தண்ணீருக்கு ஒவ்வாமல் போய், சங்கிலிகள் தாமாகவே உருண்டை கட்டும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் ஆர்ம்ஸ் குழுவினர் இதில் நிறைய வேலை செய்திருக்கிறார்கள்.

“அதெல்லாம் சரிங்க, வேலை முடிஞ்சதும் அந்த உருண்டை எங்கே போகும்?” என்று ஒரு பெரியவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி அதுதான். மூடாக்கு ஷீட் என்ன ஆனது? கிழிந்து, துணுக்காகி, இன்னும் மண்ணிலேயே கிடக்கிறது. அதன் சங்கிலி கரிக்குக் கரி இணைந்தது. தண்ணீரால் அறுக்க முடியாது. பாலிலாக்டிக் சங்கிலியில் இருப்பது எஸ்டர் முடிச்சு. தண்ணீர் பட்டு மெல்ல மெல்ல அவிழும். கடைசியில் லாக்டிக் அமிலமாகி நுண்ணுயிர்களுக்கு உணவாகும்.

தண்ணீரிலேயே வளர்க்கும் முறையில் பெரும்பாலும் அறுபடாத சங்கிலிதான் வரும். அதனால் நடுநடுவே அறுபடும் கண்ணியைச் சேர்க்கப் பார்க்கிறார்கள். முன்பு சேர்த்துப் பார்த்த சில பொருள்கள் தண்ணீர் பட்டாலே சிதைந்தன. 2019-ல் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் தயோனோலாக்டோன் என்ற பொருளைக் கொண்டு அத்தகைய கண்ணியைச் சேர்த்துக் காட்டின. அது தண்ணீரை ஓரளவு தாங்குவதால், வேலை அந்தத் திசையில் நடக்கிறது.

இதில் ஓர் எச்சரிக்கை. ‘மக்கும்’ என்ற எழுத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். பாலிலாக்டிக் பிளாஸ்டிக் 60 டிகிரி சூட்டுக் கம்போஸ்ட் குவியலில் சில மாதத்தில் மக்கும். அதே பொருள் சாதாரண வயல் மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கலாம். உருண்டை சிறியது என்பதால் வேகம் மாறலாம். ஆனாலும் நம் மண்ணில், நம் வெப்பத்தில் சோதித்திருக்க வேண்டும்.

ஆகவே, ‘நானோ’ என்று யாராவது புட்டியை நீட்டினால் மூன்று கேள்வி கேளுங்கள். உறை எதனால் ஆனது? மண்ணில் எத்தனை நாளில் மக்கும்? சோதித்த அறிக்கை உண்டா? இத்தகைய வேளாண் பொருள்களை எப்படிச் சோதிக்க வேண்டும் என்று மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2020-ல் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது. ஆகவே கேட்பதில் தப்பே இல்லை.

வீட்டில் அசிட்டோனை வைத்துச் செய்து பார்க்க வேண்டாம், சட்டென்று தீப்பிடிக்கும். அதுவரை நம் பழைய முறையே கை கொடுக்கும். வேப்பெண்ணெயோடு சோப்பை மறக்காமல் சேருங்கள், அன்றைக்குக் கலக்கியதை அன்றைக்கே அடியுங்கள், வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள்.