வித்துக் காத்தல்



வேம்பின் வித்து முத்து. மாவின் வித்து கொட்டை. நெல்லின் வித்து மணி. கத்தரியின் வித்து விதை. வித்தைக் கையிலெடுத்துக் கூர்ந்து நோக்கிய உழவரே இவ்வாறு வேறுபிரித்துப் பெயரிட்டிருத்தல் இயலும். அக் கூர்மை வித்தைக் காப்பதிலும் வேண்டப்படுவது. ஏனெனில், இறந்த வித்தும் உயிருள்ள வித்தும் கண்ணுக்கு ஒன்றே. விதைத்து முளையாதபோதுதான் வேறுபாடு விளங்கும். அதற்குள் பருவம் கடந்துவிடும்.

சீனத்தின் வடகிழக்கில், வறண்ட பழைய ஏரிப்படுகையிற் கிடைத்த தாமரை வித்தொன்று, ஏறத்தாழ 1300 ஆண்டு கடந்தும் முளைத்ததென 1995-இல் ஆய்வாளர் வெளிப்படுத்தினர். நீரும் காற்றும் எளிதிற் புகாத வல்லோடு அதற்குப் பெருங்காப்பாயிற்று. துழாய்க்கும் கோழிக்கொண்டைக்கும் அத்தகைய ஓடில்லை. அவற்றுக்குக் காப்பவர் கையே ஓடு.

முதற்கண், முதிர்ந்த வித்தையே எடுத்தல் வேண்டும். காசித்தும்பைக் காய் முதிர்ந்தால் தொட்டவுடன் வெடித்துச் சிதறும். ஆகலின் வெளிறி மஞ்சளிக்கும்போதே பறித்துத் தாளுறையில் இடுக. திருநீற்றுப்பச்சை வித்து நீர் பட்டதும் கூழ்போற் பொதியும். அதனைக் கழுவாது, உலர்ந்த கதிரைக் கசக்கிப் புடைத்தெடுக்க.

அடுத்தது உலர்த்தல். கடுவெயிலில் அன்று, காற்றோடும் நிழலில். வித்தின் பகை இரண்டு: ஈரமும் வெப்பமும். வித்திலுள்ள ஈரம் நூற்றுக்கு ஒரு பங்கு குறையுந்தோறும் அதன் வாழ்நாள் ஏறத்தாழ இருமடங்காகும். வெப்பம் 5 பாகை குறையுந்தோறும் அவ்வாறே. அமெரிக்க வித்தியலறிஞர் ஆரிங்டன் வகுத்த இவ்விதி ஓர் எல்லைக்குள் பொருந்துவது. 10 பங்கு ஈரம் 7 பங்காயின் வாழ்நாள் எண்மடங்காகும். உலர்த்தலின் பயன் இத்துணைப் பெரிது!

உலர்ந்த வித்தைத் தாளுறையிலிட்டுப் பெயரும் எடுத்த நாளும் எழுதுக. உறைகளை இறுக மூடும் கண்ணாடிக் குப்பியில் வைத்து, வறுத்தாற்றிய அரிசியை ஒரு துணிமுடிப்பாக உடனிடுக. அஃது எஞ்சிய ஈரத்தை ஈர்க்கும். குப்பியைக் குளிர்ப்பெட்டியில் வைக்கலாம். வெளியே எடுத்தவுடன் திறவற்க; குளிர் நீங்கியபின் திறக்க. இன்றேல் காற்றின் ஈரம் வித்தின்மேற் படியும்.

எல்லா வித்துக்கும் இம்முறை ஒவ்வாது. கறிவேம்பின் வித்து உலர்ந்தால் உயிர் துறக்கும். கனிந்த பழத்தின் சதையை நீக்கி உடனே விதைத்தலே அதற்குக் காப்பு. வேப்பமுத்தும் நெடுநாள் தாங்காது. உதிர்ந்த சில கிழமைகளுள் விதைத்தல் நன்று.

விதைக்குமுன் பத்து வித்தை ஈரத்துணியிற் சுற்றி வைத்துப் பார்க்க. எட்டு முளைத்தால் அச்சமில்லை. நான்கே முளைத்தால் இருமடங்கு விதைக்க. ஒன்றும் முளையாவிடின் வேறு வித்துத் தேடுக.

ஒரே வீட்டில் ஒரே குப்பியில் இருக்கும் வித்து, ஒரு மழைக்கசிவில் அழியும். ஆகலின் பாதியைத் தாம் வைத்து, பாதியை அயலார்க்கு ஈக. தமது செடி பட்டுப்போன ஆண்டில், அயலார் முற்றத்திலிருந்து அவ்வித்து மீளும்.